மேசைக்கு அந்தப் பக்கம்

பில் வந்துவிட்டால் சகாக்களின் குணம் தெரிந்துவிடும். இருபது ஆண்டுகளாக அலுவலகச் செலவில் ஊர் ஊராகப் போய் வந்ததில் நான் கண்டறிந்த ஒரே உண்மை இதுதான். ஒருவர் சரியாக அந்த நேரம் பார்த்துக் கை கழுவப் போவார். ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வரும். ஒருவர் பில்லைக் கையில் வாங்கி, தான் லஸ்ஸி குடிக்கவில்லை என்பதை வரியோடு சேர்த்துக் கழித்துக் கணக்குப் போடுவார். இருப்பவர்களில் குறைந்த சம்பளம் வாங்குகிறவர்தான் முதலில் பர்ஸை எடுப்பார். முன்பெல்லாம் மேசை மீது நூறு ரூபாய் நோட்டுகள் குவியும். இப்போது ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்து, கல்லாவில் ஒட்டியிருக்கும் சதுரக் கட்டத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறோம். குணம் மட்டும் மாறவில்லை.

எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. பில் வருவதற்குள் மேசையில் இருக்கும் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவிடுவேன். பெரிய தட்டு அடியில். கிண்ணங்கள் மேலே. கரண்டிகள் எல்லாம் ஒரே டம்ளரில். டம்ளருக்குள் டம்ளரைச் செருகக் கூடாது, சிக்கிக்கொள்ளும். 'இதை ஏன் நீங்கள் செய்கிறீர்கள்? அதற்குத்தான் ஆள் இருக்கிறதே' என்று சகாக்கள் கேட்பதுண்டு. 'பழக்கம்' என்பேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மொழிபெயர்ப்பாளனுக்கு ஊர்ப் பயணம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆண்டில் பத்து மாதம் நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. சங்க இலக்கியம் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கியவன், நிதிப் பற்றாக்குறையையும் கூட்டணிப் பேரத்தையும் தமிழாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் தேர்தல் வந்தால் கதை மாறும். கட்டுரை ஆங்கிலத்தில் எழுதப்படும்போதே தமிழிலும் தயாராக வேண்டும். ஆகவே தில்லி நிருபர் போகும் காரின் பின் இருக்கையில் எனக்கும் ஓர் இடம் கிடைக்கும். 2004 மக்களவைத் தேர்தலில் தொடங்கிய இந்தப் பழக்கம் 2024 தேர்தல் வரை நீடித்தது.

காரில் நான்கு பேர் என்றால் நான்கு சமையலறைகள் பயணம் செய்கின்றன என்று அர்த்தம். எங்கள் புகைப்படக்காரர் கொல்கத்தாக்காரர். மீன் இல்லாத நாளை அவர் நாட்காட்டியிலேயே சேர்ப்பதில்லை. அகமதாபாத்திலிருந்து வரும் பெண் நிருபர் ஜைன மதத்தவர். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு என்று மண்ணுக்கடியில் விளையும் எதையும் தொடமாட்டார். தில்லி நிருபர் எதையும் சாப்பிடுவார், கூடவே இரண்டு பச்சை மிளகாய் வேண்டும். நான் முதல் இரண்டு நாள் எல்லாவற்றையும் ஆசையோடு சாப்பிடுவேன். மூன்றாம் நாள் மோர்சாதத்தை நினைத்து முகம் வாடும்.

பாட்னாவில் ஒருமுறை லிட்டி சோக்கா சாப்பிட நின்றோம். சத்து மாவை உள்ளே வைத்து, தணலில் சுட்டு, நெய்யில் தோய்த்துத் தரும் கோதுமை உருண்டைதான் லிட்டி. சோக்கா என்பது சுட்ட கத்திரிக்காயையும் உருளைக்கிழங்கையும் மசித்துச் செய்வது. அதில் பூண்டும் வெங்காயமும் தாராளமாக இருந்தன. ஜைனச் சகா லிட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் தட்டில் இருந்த சோக்காவைப் புகைப்படக்காரர் பக்கம் தள்ளினார். 'தொடவில்லை, ஜூட்டா இல்லை' என்றார். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

அப்போது தில்லி நிருபர் என்னைக் கேட்டார்: 'நீங்கள் மொழிபெயர்ப்பாளர். ஜூட்டாவுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்?' யோசித்தேன். மிச்சத்துக்கு ஆங்கிலத்தில் சொல் உண்டு. உமிழ்நீருக்கும் உண்டு. எச்சிலுக்குக் கிடையாது. ஒருவர் வாய்பட்டதால், கைபட்டதால், இன்னொருவர் தொடக் கூடாததாகிவிட்ட உணவு என்று ஒரு வாக்கியமே எழுத வேண்டும். ஆனால் அந்த மேசையில் இருந்த எல்லோருடைய தாய்மொழியிலும் அதற்கு ஒற்றைச் சொல் இருந்தது. இந்திக்கு ஜூட்டா. வங்காளிக்கு ஏண்ட்டோ. குஜராத்திக்கு ஏண்ட்டு. மராத்தியில் உஷ்ட்டா, கன்னடத்தில் எஞ்சலு, தெலுங்கில் எங்கிலி. வேறு எதில் ஒற்றுமை இருக்கிறதோ இல்லையோ, இந்த ஒரு விஷயத்தில் தேசிய ஒருமைப்பாடு பூரணமாக இருக்கிறது. எல்லோரும் சிரித்தோம்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் என் வீட்டில் வேறு விதமாகப் புழங்கியது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு வேலையின் பெயர்.

என் அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1965-ல் பம்பாய்க்கு ரயிலேறியபோது அவருக்கு வயது 14. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. ஊர்க்காரர் ஒருவர் மாட்டுங்காவில் ஓர் உடுப்பி ஓட்டலில் சேர்த்துவிட்டார். வேலை, எச்சில் எடுப்பது. ஓட்டல்காரர்கள் பாஷையில் கிளீனர். ஓட்டலிலும் ஒரு வருணாசிரமம் உண்டு. கல்லாவில் முதலாளி. அடுப்படியில் சரக்கு மாஸ்டர். அதற்கடுத்து சப்ளையர். எல்லோருக்கும் கடைசியில் வாளியும் துணியுமாக நிற்கும் கிளீனர் பையன். சப்ளையராக உயர அப்பாவுக்கு மூன்று வருடம் ஆயிற்று. ராத்திரி கடை மூடியதும் பகலில் துடைத்த மேசைகளையே சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொள்வார்களாம்.

மாட்டுங்கா இந்தியாவின் சாப்பாட்டுச் சரித்திரத்தில் ஒரு முக்கியமான பேட்டை. தெற்கிலிருந்து குமாஸ்தா வேலைக்கும் டைப்பிஸ்ட் வேலைக்கும் வந்தவர்கள் அங்கே குடியேற, அவர்களுக்குச் சோறு போட உடுப்பிக்காரர்கள் வந்தார்கள். ரயில் நிலையத்தருகே ராம நாயக் 1942-ல் தொடங்கிய ஓட்டல் இன்றும் புகழோடு நடக்கிறது. மாநகரம் முழுவதும் இட்லி, தோசை பரவியது இப்படிப்பட்ட கடைகளால்தான். 1966-ல் சிவசேனை பிறந்தபோது தெற்கத்திக்காரர்கள் மீது ஆத்திரம் மூட்டப்பட்டது. அந்த ஆண்டுகளில் உடுப்பி ஓட்டல்களும் தாக்கப்பட்டன. அப்பா வேலை பார்த்த கடையிலும் ஒருநாள் கல் விழுந்ததாம். ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தார்களாம். அதை அவர் சொல்லும்போது பயம் இருக்காது. 'அன்னிக்கு ஒரு அண்டா சாம்பார் வீணாப்போச்சு' என்பதுதான் அவர் வருத்தம்.

1988-ல் ஊருக்குத் திரும்பினார். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதுவரை ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிற விருந்தாளிதான் அவர். பிறகு உள்ளூர் ஓட்டல் ஒன்றில் சப்ளையர். அந்தச் சம்பளத்தில்தான் நான் எம்.ஏ. படித்தேன். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'ஓட்டல்' என்று மட்டும் எழுதினேன். முதலாளியா, தொழிலாளியா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை லாபம்.

2003-ல் முதல் சம்பளம் வாங்கி, அப்பாவையும் அம்மாவையும் சென்னைக்கு வரவழைத்தேன். நல்ல ஓட்டல் ஒன்றில் குளிர்சாதன அறையில் உட்கார வைத்தேன். அப்பா மெனுவைப் பார்க்கவில்லை. சப்ளையரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆறு தட்டு எடுக்கான். கையை இன்னும் கொஞ்சம் மடக்குனா ஏழு வரும்' என்றார். எங்கே இந்தப் பேச்சு பக்கத்து மேசைக்குக் கேட்டுவிடுமோ என்று எனக்கு உறுத்தல். சாப்பிட்டு முடித்ததும் அவர் கைகள் தாமாக இயங்கின. பெரிய தட்டு அடியில், கிண்ணங்கள் மேலே, கரண்டிகள் ஒரே டம்ளரில். அடுக்கியதோடு நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு எழுந்தும்விட்டார். சப்ளையர் ஓடிவந்து, 'ஐயா, நீங்க உக்காருங்க' என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, 'அப்பா, மானத்தை வாங்காதீங்க' என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு எட்டு வருடம் உயிரோடு இருந்தார். என்னோடு ஒரு நாளும் ஓட்டலுக்கு வரவில்லை. கூப்பிட்டால், 'எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது' என்பார். இருபது வருடத்துக்கு மேலாக வெளிச் சாப்பாட்டிலேயே உயிர் வளர்த்த மனிதர்!

2011-ல் அவர் காலமான பிறகுதான் தட்டு அடுக்கும் பழக்கம் எனக்கு வந்தது. நானாகப் பழகவில்லை. ஒருநாள் குனிந்து பார்த்தபோது கைகள் அடுக்கிக்கொண்டிருந்தன.

இனி 2019-க்கு வருகிறேன். அக்டோபர் மாதம். மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல். அதே நால்வர் அணி மும்பையில். 'இன்று மதியம் உங்கள் சாப்பாடு' என்றார் தில்லி நிருபர். மாட்டுங்காவுக்குப் போனோம். அப்பா வேலை பார்த்த கடை அது அல்ல. அந்தக் கடை இப்போது இல்லை. ஆனால் அதே மாதிரி மார்பிள் பலகை பதித்த மேசைகள், அதே மாதிரி எவர்சில்வர் டபராக்கள். சாம்பாரில் லேசாக வெல்லத்தின் இனிப்பு. 'இதுதான் அசல் சாம்பாரா?' என்றார் ஜைனச் சகா. 'இது உடுப்பி அசல். எங்கள் ஊர் அசலில் இனிப்பு இருக்காது' என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வழிகாட்டியின் மிடுக்கு எனக்கு வந்துவிட்டது.

பரிமாறியவருக்கு அறுபது வயதிருக்கும். கூட்டம் அதிகம். அவசரத்தில் சாம்பார்க் கிண்ணம் சரிந்து தில்லி நிருபரின் சட்டையில் கொட்டிவிட்டது. அரைமணி நேரத்தில் அவர் ஒரு அமைச்சரைப் பேட்டி காணப் போக வேண்டும். கோபம் வந்தது இயற்கை. விரலைச் சொடுக்கிப் பெரியவரை அழைத்தார். அவர் இந்தியில் மன்னிப்புக் கேட்க, உச்சரிப்பிலிருந்து ஊர் தெரிந்துவிட்டது. நிருபர் என் பக்கம் திரும்பினார். 'இவர் உங்கள் ஊர்க்காரர்தானே? தமிழில் நன்றாக நாலு வார்த்தை கேளுங்கள்.'

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நிருபர் கொத்தடிமைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளை நான்தான் தமிழாக்கியிருக்கிறேன். மொழிபெயர்க்கும்போது எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. ஓட்டல்களிலும் தாபாக்களிலும் சிறுவர்களை வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டபோது, அதை வரவேற்று எழுதியவரும் அவரே. கெட்ட மனிதர் அல்ல. சட்டையில் சாம்பார் கொட்டிய மனிதர், அவ்வளவுதான்.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரும் பார்த்தார். திட்டு வாங்கத் தயாரான முகம். அந்த முகத்தை நான் அறிவேன்.

'அண்ணாச்சிக்கு எந்த ஊரு?' என்றேன்.

'சங்கரன்கோவில் பக்கம், சார்.'

'சாப்பிட்டாச்சா?'

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சற்றுத் தடுமாறித் தலையைக் குனிந்துகொண்டார். 'இனிமேத்தான். மூணு மணி ஆயிரும், தம்பி' என்றார் மெதுவாக. சார் போய்த் தம்பி வந்துவிட்டது. துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

அவர் தலை குனிந்ததைப் பார்த்துச் சகாக்கள் திருப்தி அடைந்தார்கள். 'சொல்லிவிட்டேன்' என்றேன். 'தமிழில் திட்டுவதுகூட மரியாதையாகத்தான் இருக்கிறது' என்றார் நிருபர். மேசையே சிரித்தது.

என் தொழிலில் நான் தெரிந்தே செய்த ஒரே பிழையான மொழிபெயர்ப்பு அதுதான். அந்தப் பெரியவரைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஓட்டல் அறைக்கு வரும் வரை ஒரு பெருமிதம் இருந்தது. ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் உறைத்தது. நான் காப்பாற்றியது என்னைத்தான். 'என் அப்பாவும் இதே பேட்டையில் இதே வேலை பார்த்தவர்' என்று சொல்லியிருந்தால், அந்தச் சொடுக்கிய விரல் தானாக மடங்கியிருக்கும். அதைச் சொல்ல எனக்கு இந்தியும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். 2003-ல் சென்னையில் எந்த மானத்தைக் காப்பாற்றினேனோ, அதையே மாட்டுங்காவிலும் காப்பாற்றிக்கொண்டேன்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்தேன். 'அப்பா பம்பாயில் மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்?' என்று கேட்டேன். இதென்ன இத்தனை வருடம் கழித்து என்று அம்மாவுக்கு ஆச்சரியம். 'பந்தி எல்லாம் ஓய்ஞ்சு மூணு மணிக்கு மேலதான். அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிடுவாராம். உக்காந்து சாப்பிட்டா அடுத்த ஆள் வந்துருவாம்னு சொல்லுவாரு' என்றாள். நான் அவரிடம் கேட்காத கேள்விகளில் இதுவும் ஒன்று.

அதற்குப் பிறகு ஓட்டலுக்குப் போனால் என் கண் வேறு திசையில் போனது. முக்கியமாக, எங்கள் காரை ஓட்டுகிறவர் எங்கே சாப்பிடுகிறார் என்பதில். நெடுஞ்சாலைத் தாபாக்கள் பலவற்றில் வாடிக்கையாளரைக் கொண்டுவரும் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம். அவருக்கென்று பின்பக்கம் ஒரு கயிற்றுக் கட்டில் இருக்கும். எங்கள் பில்லில் அவர் தட்டு இடம்பெறாது. ஆகவே மேசையிலும் அவருக்கு இடம் தேவைப்படவில்லை. உணவு விடுதிக்குள் நுழைவதற்கு யாருக்கும் சாதி, மதத்தைக் காட்டித் தடை போடக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஓட்டலையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. டீக்கடைகளின் இரட்டைக் குவளைகள் பற்றி எத்தனையோ கட்டுரைகளை நான் தமிழாக்கியிருக்கிறேன். எங்கள் காரில் யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளில் ஒரு டிரைவரும் எங்களோடு உட்கார்ந்ததில்லை. 'நாம் இருந்தால் அவர் நிம்மதியாகச் சாப்பிட மாட்டார்' என்பது எங்கள் சமாதானம்.

2024 மே மாதக் கடைசி. ஜூன் 1-ம் தேதி நடக்கவிருந்த கடைசிக் கட்ட வாக்குப்பதிவுக்காக வாரணாசியிலிருந்து காஜிப்பூர் போய்க்கொண்டிருந்தோம். கொளுத்தும் வெயில். வழியில் ஒரு தாபா. கட்டிலை நோக்கிப் போன டிரைவரிடம், 'இன்று எங்களோடு உட்காருங்கள்' என்றேன். அவர் சிரித்தார். 'வேண்டாம் சாப். நாள் முழுக்க உங்கள் பேச்சைத்தான் கேட்கிறேன். சாப்பிடுகிற நேரம் ஒன்றுதான் எனக்குச் சொந்தம்' என்றார். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. எங்கள் சமாதானம் பாதி உண்மை என்பதும் புரிந்தது. ஆனால் அதை அவர் வாயிலிருந்து கேட்க எனக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது.

தால், ரொட்டி, தயிர். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல் என் கைகள் அடுக்கத் தொடங்கின. எதிரே தில்லி நிருபர். ஓய்வு பெற ஓராண்டு இருந்தது அவருக்கு. 'எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். ஏன் இதைச் செய்கிறீர்கள்?' என்றார்.

'என் அப்பா சப்ளையர்' என்றேன். 'மாட்டுங்காவில். அதற்கு முன்பு மூன்று வருடம் எச்சில் எடுத்தார்.'

புகைப்படக்காரர் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். நிருபர் எதுவும் பேசவில்லை. வந்தது வரட்டும் என்று மற்றதையும் சொல்லிவிட்டேன். 'உங்கள் சட்டையில் சாம்பார் கொட்டிய அன்று நான் அந்தப் பெரியவரைத் திட்டவில்லை. சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டேன்.'

பையன் பில்லைக் கொண்டுவந்து வைத்தான். யாரும் கை கழுவப் போகவில்லை. யாருக்கும் போன் வரவில்லை. நிருபர் கொஞ்ச நேரம் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை என்னிடம் நீட்டலாமா, கூடாதா என்று யோசிப்பது போலிருந்தது. பிறகு தானே எழுந்து அடுக்கின் மேல் வைத்தார்.

'சாப்பிட்டிருந்தாரா?' என்று கேட்டார்.

'இல்லை' என்றேன். 'மூன்று மணி ஆகும் என்றார்.'